ரப்பர் ஊசி

லூர்து பொய் சொல்கிறாள் என்பது இசக்கியம்மாளுக்கு அவளுடைய உள்ளங்கையைப் பார்த்ததும் தெரிந்துபோயிற்று.

இசக்கிக்குப் பித்தப்பையை எடுத்து மூன்று நாள் ஆகியிருந்தது. வயிற்றில் நாலு இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வீட்டுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கஞ்சியும் பருப்புத் துவையலும் கொண்டுவந்த லூர்து டம்ளரை நீட்டியபோது, அவள் கட்டை விரலுக்குக் கீழே உள்ள மேட்டில் பிறை பிறையாக நாலு காயம் பொருக்குத் தட்டியிருந்தது.

"கையில என்னட்டி?"

"பஸ்ஸுக் கதவு இடிச்சிட்டு." லூர்து கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

பஸ் கதவு நாலு பிறையாகக் கடிக்காது. நகம்தான் அப்படிக் கடிக்கும். அதுவும் யாருடைய நகம்? ஆபரேஷன் அன்று காலையில் லூர்தே மடியில் வைத்து ஒட்ட வெட்டிவிட்ட இசக்கியின் நகம். வெட்டிய நகமே இப்படிப் பதிந்திருக்கிறது என்றால் அந்தக் கை எப்படி நெரித்திருக்க வேண்டும் என்று இசக்கி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கஞ்சி டம்ளரைக் கீழே வைத்தாள்.

கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "நான் காய் விட்டேனா லூர்து?" அதற்கு லூர்து அவள் நெற்றியைத் துடைத்துவிட்டு, "இல்லட்டி. கை பாட்டுக்கு அசையாமக் கெடந்துச்சு. நிம்மதியா ஒறங்கு" என்றாள். எட்டாம் வகுப்பிலிருந்து தெரிந்தவள். சொந்தத் தங்கையிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறாள் இசக்கி. அவள் வாயிலிருந்து வந்த பொய் என்பதால்தான் மூன்று நாள் நம்பினாள்.

இரண்டு பேருக்கும் ஒரே வேலை. தூத்துக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கைத்துணை. அது என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலில் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழைய மயக்க வாயுக்கள் பூமியைச் சூடாக்குகின்றன என்று உலகத்துக்குப் புத்தி வந்தது, கடல் பாதி உப்பளத்தைத் தின்று தீர்த்த பிறகுதான். வாயுக்களை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அந்த இடத்துக்கு வந்தது இந்த ஊசி. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதல் துப்புரவுக்காரர் வரை எல்லாருக்கும் அது ரப்பர் ஊசி. அதற்கு இரண்டே வேலை. உடம்பைக் கட்டிப்போடும், நடப்பது எதையும் ஞாபகத்தில் சேரவிடாது. எழுத எழுத ஒருவர் பின்னாலேயே அழித்துக்கொண்டு வருகிற மாதிரி. பழைய நினைவெல்லாம் அப்படியே இருக்கும், புதிதாக ஒன்றும் தங்காது. இருதயத்துக்குக் கெடுதல் இல்லை, வாந்தி இல்லை, காலையில் படுத்தவர் சாயங்காலம் நடந்து வீட்டுக்குப் போகலாம்.

வலிக்காதா என்று கேட்டார்கள். வலித்தது என்று ஒருவராவது வந்து சொல்லட்டும் என்றது கம்பெனி. ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்?

இருந்தாலும் அரசாங்கம் ஒரு விதி போட்டது. நோயாளியின் வலது தோளுக்குக் கீழே பட்டையை இறுக்கிக் கட்டி, கட்டிப்போடும் மருந்து அந்தக் கைக்கு மட்டும் போகாமல் தடுக்க வேண்டும். உடம்பு முழுவதும் கல்லாகக் கிடக்க அந்த ஒரு கை மட்டும் உயிரோடு இருக்கும். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை காதருகே குனிந்து, "வலிக்கா? ஆமான்னா ஒரு அமுக்கு, இல்லேன்னா ரெண்டு" என்று கேட்க வேண்டும். மேலே ஒரு காமிரா கையை மட்டும் படம் பிடிக்கும். முடிந்ததும் பதிவேட்டில் எழுத வேண்டும். பதிவேட்டில் இருந்தது இரண்டே கட்டம். ஒன்று, 'அசைவு இல்லை'. மற்றது, 'அனிச்சை அசைவு'.

இசக்கி இரண்டு வருஷத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கை பிடித்திருக்கிறாள். பாதிக்கு மேல் அமுக்கிய கைகள். எல்லாவற்றையும் இரண்டாவது கட்டத்தில் போட்டாள். தூக்கத்தில் குழந்தை விரலைப் பிடிப்பது போலத்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். நோயாளிகள் கண் விழித்து, "ஒண்ணும் தெரியலல்லா சிஸ்டர்?" என்பார்கள். "ஒண்ணுமே இல்லம்மா, பூ மாதிரி முடிஞ்சிட்டு" என்பாள். கையெடுத்துக் கும்பிட்டவர்கள் உண்டு. மறுவாரம் மக்ரூன் டப்பாவோடு வந்து நின்றவர்கள் உண்டு. அவள் வீட்டில் மக்ரூன் தீர்ந்ததே இல்லை.

ஆனால் ஒரு விஷயம் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியின் வலது கை நகத்தை வெட்டிவிடும் வழக்கம் அங்கே இருந்தது. எந்தச் சட்டத்திலும் இல்லாதது. கைத்துணைகள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. ஆளுக்கொரு நகவெட்டி சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். ஒன்றும் தெரியாமல் கிடக்கப் போகிறவருக்கு எதற்கு நகம் வெட்ட வேண்டும் என்று அவர்களில் ஒருத்தியும் ஒருநாளும் கேட்டதில்லை.

இசக்கிக்கு முதல் சந்தேகம் ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர். அவர் கை தொடர்ந்து அமுக்கவே, விளையாட்டாக, "உங்களுக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளையா?" என்று கேட்டாள். இரண்டு அமுக்கு. "மூணா?" ஒரு அமுக்கு. வெளியே போய்ப் பார்த்தால் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதையும் 'அனிச்சை' என்றுதான் எழுதினாள். எழுதிவிட்டுக் கழிப்பறையில் போய்ப் பத்து நிமிஷம் நின்றாள்.

அதன் பிறகு அவளுக்கே பித்தப்பையில் கல். மதுரையில் முதுகில் ஊசி போட்டுப் பழைய முறையில் செய்கிறார்கள், ஆறு வாரம் காத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். "வேண்டாம் டாக்டர், இங்கனயே ரப்பரப் போடுங்க" என்றாள் இசக்கி. அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். இனி ஒருவர் முகத்தைப் பார்த்து 'ஒண்ணுமே இல்லம்மா' என்று சொல்வதா வேண்டாமா என்பதற்கு ஒரு முடிவு வேண்டும்.

முந்தின நாள் லூர்துவோடு உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்தாள். அமுக்கினால் அனிச்சை என்று விடுவார்கள். எந்த அனிச்சையும் செய்யாத ஒன்றைச் செய்ய வேண்டும். பள்ளிக்கூடத்தில் காய் விடுவதும் பழம் விடுவதும் எல்லா ஊரிலும் உண்டு; விரல்தான் தெருவுக்குத் தெரு மாறும். இவர்கள் படித்த பள்ளியில் சுண்டு விரலை மட்டும் கொக்கியாக நீட்டினால் காய், இனி உன்னோடு பேச மாட்டேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒட்டி நீட்டினால் பழம், சேர்ந்தாயிற்று. "வலிச்சா நான் காய் விடுதேன். என்ன ஆனாலும் எங்கிட்ட மறைக்கக் கூடாது. சத்தியம் பண்ணு" என்றாள் இசக்கி. லூர்து தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

அந்தச் சத்தியம்தான் இப்போது முந்தானைக்குள் ஒளிந்துகொண்டு நின்றது.

ஒரு வாரம் கழித்து இசக்கி வேலைக்குப் போனாள். தன் ஆபரேஷனின் காமிராப் பதிவைத் திறக்கப் பார்த்தாள். பூட்டியிருந்தது. நேரே டாக்டர் கோமதிநாயகத்தின் அறைக்குப் போனாள். மயக்க மருத்துவர். அதட்டிப் பேசத் தெரியாத மனுஷர், கைத்துணைகளையும் 'வாங்க போங்க' என்றுதான் சொல்வார்.

"எனக்கு வலிச்சுதா டாக்டர்?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உங்களுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கா இசக்கி?"

"இல்ல."

"கெட்ட கனவு? காரணமில்லாம பயம்?"

"இல்ல டாக்டர்."

"அப்ப யாருக்கு வலிச்சுதுன்னு கேக்கறீங்க?"

"எனக்குத்தான்."

"அங்கதான் தப்பு வருது. வலின்னா நரம்புல ஓடற சேதி. அது எப்பவும் ஓடும், நிறுத்த முடியாது. ஆனா அதை 'எனக்கு வலிக்குது'ன்னு வாங்கிக்க ஒரு ஆள் வேணும் இல்லையா? ஆள்னா என்ன? நேத்து இருந்த நான்தான் இன்னைக்கும் இருக்கேன்கற ஒரு தொடர்ச்சி. ஒரு நொடியை அடுத்த நொடியோட முடிச்சுப் போடற நூல். அந்த நூலை நாம ஒரு மணி நேரம் எடுத்துடறோம். மேஜை மேல உடம்பு இருக்கு, நரம்பு இருக்கு. ஆள் இல்லை."

"ஆள் இல்லேன்னா கையப் பிடிச்சது யாரு?"

டாக்டர் கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"போன வருஷம் எங்க அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சப்ப இதைத்தான் போட்டேன்" என்றார். "கை பிடிச்சது நீங்க."

இசக்கிக்கு அந்தக் கை ஞாபகம் வந்தது. மோதிரம் கழற்றிய தடம் வெள்ளையாகத் தெரிந்த சின்னக் கை. ஒன்றரை மணி நேரமும் விடாமல் அமுக்கிய கை.

"முடிஞ்சு வெளிய வந்ததும் நான் கேட்டேன், அசைவு இருந்துதான்னு. அனிச்சைதான் டாக்டர்னு நீங்க சொன்னீங்க. நான் நம்பினேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப நான் சொல்றேன். நீங்க நம்புங்க."

இசக்கி வெளியே வந்தாள். அவர் கற்றுக்கொடுத்த வார்த்தையைத்தான் அன்றைக்கு அவருக்குத் திருப்பிக் கொடுத்தாள். அவளை நம்பி அவர் தூங்குகிறார். அவரை நம்பி அவள் மக்ரூன் தின்றாள். இரண்டு வருஷமாக ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறார்கள். அவர் மேல் கோபம் வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை. முழுக் கோபத்தையும் கொட்ட ஒருத்தி இருந்தாள்.

லூர்து துணியறையில் பச்சைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இசக்கி வலது கையை நீட்டிச் சுண்டு விரலைக் கொக்கியாக வளைத்துக் காட்டினாள். நாற்பத்தைந்து வயதுப் பொம்பளை, ஆஸ்பத்திரிச் சீருடையில், காய் விட்டாள். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். லூர்துவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"டாக்டர் சொல்லிட்டாவளா?"

"ஒருத்தரும் சொல்லாண்டாம். உன் கை சொல்லிச்சு. பாவி, ஒன்ன நம்பித்தான படுத்தேன்! டாக்டரு மறைப்பாரு, கம்பெனிக்காரன் மறைப்பான். நீ மறைக்கலாமா? சத்தியம் பண்ணினியே ஏளா, என் முன்னாலதான பண்ணினே?"

"பண்ணினேன்" என்றாள் லூர்து. "புதன்கிழமை உனக்கு ஒரு சத்தியம் பண்ணினேன். வியாழக்கிழமை நீயே இன்னொரு சத்தியம் வாங்கிட்டே. நான் எதக் காப்பாத்த?"

இசக்கிக்குப் புரியவில்லை. லூர்து கதவைச் சாத்தினாள். துணி அடுக்குக்கு அடியிலிருந்து கைக்கணினியை எடுத்து, கடவுச்சொல்லைப் போட்டு, அவள் கையில் கொடுத்துவிட்டுத் துணி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள். "பூட்டினது டாக்டரு. ஆனா கையப் பிடிச்சவ கணக்குல திறக்கும்" என்றாள்.

திரையில் ஒரு கை. நகம் ஒட்ட வெட்டிய, கட்டை விரலில் பழைய எண்ணெய்த் தழும்புள்ள, அவளுடைய சொந்தக் கை. ஊசி போடுவதற்கு முந்தின நிமிஷம். அவளுடைய குரலே கேட்டது, சிரிப்போடு: "என்ன லூர்து, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்க? வலிச்சாலும் எனக்கா தெரியப் போவுது?"

பிறகு கை சாய்ந்தது. பட்டை, வெளிச்சம், கருவிகளின் சத்தம். நாலாவது நிமிஷம் விரல்கள் ஒரேயடியாக மூடிக்கொண்டன. லூர்துவின் குரல்: "இசக்கி, வலிக்கா?" ஒரு அமுக்கு. கை விரிந்தது. மற்ற விரல்கள் நடுங்கிக்கொண்டு மடங்க, சுண்டு விரல் மட்டும் தனியாக நீண்டது. கொக்கியாக வளைந்தது. மடங்கி மறுபடி நீண்டது.

"டாக்டர், நிறுத்துங்க! இவ காய் விடுதா டாக்டர்!"

"என்ன காய்?" என்றது டாக்டரின் குரல்.

"காய் டாக்டர்! சின்னப் பிள்ளைல விடுவோம்லா, அந்தக் காய்!"

"லூர்து, அனிச்சை. கையைப் பிடிங்க. நடுவுல நிறுத்தினா ரத்தக்கசிவு ஆயிடும்."

இசக்கி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை பட்ட பாட்டை அவள் விரல் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டாள். அவளுக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை. வேறு யாருக்கோ நடப்பதைப் பார்ப்பது போலவே இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

இருபத்தாறாவது நிமிஷம் லூர்துவின் முகம் குனிந்து திரைக்குள் வந்தது. மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். "நான் என்ன செய்வேன்ட்டி? என்னால நிறுத்த முடியலியே. இன்னும் கொஞ்ச நேரம். முழிச்சதும் உங்கிட்ட எல்லாத்தையும் சொல்லிருதேன், என்னா?"

இரண்டு அமுக்கு.

"சொல்லாண்டாமா?"

ஒரு அமுக்கு.

"சத்தியம் பண்ணிருக்கேன்ட்டி. மறைச்சா நீ என்னக் கொன்னு போடுவ. சொல்லத்தான வேணும்?"

இரண்டு அமுக்கு. அழுத்தமாக, இடைவெளி விட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

"அப்ப சொல்லல. சாகுத வரைக்கும் சொல்லல. எம்மேல கோவமில்லயே உனக்கு?"

கை மெல்லத் திரும்பியது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒட்டிக்கொண்டு நீண்டு லூர்துவின் தாடையைத் தொட்டன. பழம்.

அதற்கு மேல் பார்க்கவிடாமல் லூர்து கைக்கணினியை வாங்கி மூடினாள். "இதோட போதும். மிச்சத்தப் பாக்காத."

"யாரக் கேட்டு அப்படிச் சொன்னா அவ?" என்றாள் இசக்கி. "எனக்கு வேண்டாம்னு சொல்ல அவ யாரு?"

"எவ?"

"அவதான். அதுல கெடக்கிறவ."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? அது நீதான."

"நானா இருந்தா சொல்லுன்னு சொல்லியிருப்பேன். தெரிஞ்சுக்கத்தான போனேன். போறப்ப இருந்த நான் சொல்லச் சொன்னேன். வந்தப்புறமும் சொல்லத்தான் கேக்கேன். நடுவுல ஒருத்தி எந்திரிச்சு எனக்குத் துரோகம் பண்ணிட்டுப் போயிட்டா. நீ அவ பேச்சக் கேட்டிருக்க."

"வலியில கெடந்தது அவதானட்டி" என்றாள் லூர்து. "கெடந்தவ பேச்சக் கேக்காம, வேற யாரு பேச்சக் கேக்க?"

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் இசக்கியின் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுநாள் ஆபரேஷனுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள், விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும்.

சந்தனமாரி என்று பெயர். உள்ளே தள்ளிப்போன உப்பளத்தில் இன்னமும் உப்பு வாருகிறவள். கர்ப்பப்பை இறங்கி நடக்க முடியாமல் வந்திருந்தாள். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள், இசக்கியைப் பார்த்ததும் எல்லாரும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள்.

"வலிக்குமா தங்கச்சி?"

நானூற்றுப் பன்னிரண்டு தடவை சொன்ன பதில் நாக்கு நுனியில் தயாராக நின்றது. இசக்கி அதை விழுங்கினாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"வலிக்கும் யக்கா. கத்திய வைக்கதுலருந்து தையல் போடுத வரைக்கும் வலிக்கும். கத்த முடியாது, அசைய முடியாது. இந்த ஒரு கையை மட்டும்தான் அசைக்கலாம். நான் பிடிச்சிருப்பேன், ஆனா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. முடிஞ்சதும் உங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. எங்கள மாதிரி ஆளுக வலிக்கவே இல்லம்போம். அது பொய். மதுரையில முதுகுல ஊசி போட்டு வேற மாதிரி செய்யாவ. ஆறு வாரம் பொறுக்கணும். நான் டாக்டர்ட்ட பேசி எழுதி வாங்கித் தாரேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு உடம்பு லேசானது. இந்த ஒருத்தியையாவது காப்பாற்றியாயிற்று. வேலை போனால் போகட்டும்.

சந்தனமாரி கையெழுத்துக் காகிதத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஒண்ணும் ஞாபகம் இருக்காதுல்லா?"

"இருக்காது."

"நெசமா?"

"நெசமாத்தான். ஆனா அந்த நேரத்துல..."

"அப்புறம் என்னத்துக்கு மதுரைக்கு?" என்று சந்தனமாரி சிரித்தாள். வெயிலில் கறுத்த முகம், அழகான சிரிப்பு. "ஆறு வாரம் இத வச்சிக்கிட்டு யாரு நடக்க? படுதவ பட்டுட்டுப் போறா. வலிச்சாலும் எனக்கா தெரியப் போவுது?" காகிதத்தை இழுத்து எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு, "நகம் வெட்டணும்னு அடுத்த கட்டில்ல சொன்னாவ" என்று வலது கையை நீட்டினாள். உப்பு தின்ற நகங்கள். வெட்டுவதற்கு ஒன்றும் மீதி இல்லை.

இசக்கி அந்தக் கையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நாளை காலையில் இந்தக் கைக்குள் ஒருத்தி மாட்டிக்கொள்ளப் போகிறாள். அவளை ஒருவரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய ஒருத்தி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

அந்தச் சிரிப்பை இசக்கி சற்று முன்னால்தான் கேட்டிருந்தாள். அதே வார்த்தைகள், அதே சிரிப்பு, அவளுடைய சொந்தக் குரலில்.

அறைக்குத் திரும்பிப் பதிவேட்டை எடுத்தாள். தன் பெயர் இருந்த பக்கத்தில் ஸ்கேல் வைத்து மூன்றாவதாக ஒரு கட்டம் கிழித்தாள். 'வலித்தது' என்று எழுதினாள். எழுதியது அவளுக்குப் போதவில்லை. சந்தேகம் வந்த பிறகுதானே படுத்தாள்? வலித்தாலும் வலிக்கலாம் என்று தெரிந்துதானே, மதுரை வேண்டாம் இங்கேயே போடுங்கள் என்று சொன்னாள்? தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது இவள். உள்ளே அனுப்பியது வேறு ஒருத்தியை. கொதிக்கிறதா என்று பார்க்க அடுத்தவள் கையை எண்ணெயில் முக்கியது மாதிரி.

துணியறையில் லூர்து அப்படியே உட்கார்ந்திருந்தாள். இசக்கி கையை நீட்டினாள். "மிச்சத்தக் காட்டு."

"வேண்டாம்ட்டி. சொன்னாக் கேளு."

"காட்டு லூர்து."

லூர்து அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைக்கணினியைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழம் விட்ட விரல்கள் லூர்துவின் தாடையிலிருந்து இறங்கின. கொஞ்ச நேரம் கை சும்மா இருந்தது. யோசிப்பது போல இருந்தது. பிறகு லூர்துவின் பிடியிலிருந்து மெல்ல நழுவி, மணிக்கட்டோடு திரும்பி, மேலே பார்த்தது. காமிரா எங்கே இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும்; இரண்டு வருஷமாக அதன் கீழேதானே உட்கார்ந்திருந்தது. சொல்ல வேண்டாம் என்றாலும் தேடிவந்து பார்ப்பவள் யார் என்பதும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சுண்டு விரல் நீண்டது. காமிராவுக்கு நேராகக் கொக்கியாக வளைந்து அப்படியே நின்றது.

"இப்பத்தானட்டி பழம் விட்டே?" லூர்துவின் குரல் திணறியது. "மறுபடியும் எனக்கா காய்?"

கை தாழ்ந்து வந்து அவள் கையைத் தேடிப் பிடித்தது. இரண்டு அமுக்கு. திரும்பவும் மேலே போய்ச் சுண்டு விரலை நீட்டியது.

"டாக்டருக்கா?"

இறங்கி வந்து இரண்டு அமுக்கு. மறுபடியும் மேலே, சுண்டு விரல்.

லூர்து அதற்கு மேல் கேட்கவில்லை. அந்த விரல் காட்டிய திசையில் தலையை நிமிர்த்தி, நேராகக் காமிராவைப் பார்த்தாள்.